முனவர் பேகம் வாசித்த அறிக்கை

எங்கள் கல்லுக்குட்டை காலனியை ஆராய்ச்சி செய்யாத ஆள் கிடையாது. ஓசூரில் தொழிற்பேட்டை வந்து, நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வேலைக்கு வந்து குடியேறியதும், உத்தனப்பள்ளி சாலையில் கிடந்த எங்கள் காலனிக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குழாயடியில் சண்டை போடும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? பெங்களூரிலிருந்து வருவார்கள், மதராஸிலிருந்து வருவார்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகள் ஜீப்பிலிருந்து இறங்கி, வீட்டில் எத்தனை பேர், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், கக்கூஸ் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, நம்மிடமே மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கேட்டதற்கு என்ன விடை வந்தது என்று திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தவன் நான். அந்த அறிக்கைகளில் சிலவற்றை நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவைப் பற்றி நான் இங்கிலீஷில் அடிப்பேன், எங்கள் தெருவுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. இது என்னடா நியாயம் என்று திட்டிக்கொண்டேதான் அடிப்பேன். திட்டுவதோடு சரி, வேறொன்றும் செய்ததில்லை.

செய்தவர் முனவர் பேகம். காலனி ஊட்டச்சத்து மையத்தின் டீச்சர். எண்பத்தேழாம் வருஷம் தொடங்கி, தொண்ணூற்றேழில் வேலையை விட்டுப் போகும்வரை, மேலிடத்திலிருந்து எங்கள் காலனியைப் பற்றி எந்தக் கணக்கு, எந்த ஆய்வு வந்தாலும் அதை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டேங்க் முன்னால் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். கன்னடக்காரர்கள் இரண்டில் ஏதோ ஒன்றில் பிடித்துக்கொள்வார்கள். பேரிகை ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்து, “எங்க ஊரு கணக்கையும் வாங்கி வாசிச்சிக் காட்டுங்கோ டீச்சர்” என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். அப்பா கரீம் பாய், சந்தை சந்தையாகப் போய்ப் புளி விற்றவர். மகளை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். புளிக்கடையில் கூவிக் கூவிப் பழகிய குரலையும் சேர்த்துக் கொடுத்து, லேத் வேலை தெரிந்த ஃபக்ருதீனுக்குக் கட்டிவைத்தார். ஃபக்ருதீனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது, குடும்பம் காலனிக்கு வந்தது. மனுஷர் வாயே திறக்க மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த அம்மாள் பேசிவிடுவார்.

மையத்தில் காலையில் சத்துமாவு உருண்டை, மத்தியானம் சாதம். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். மாதம் ஒரு நாள் எடை பார்ப்பது உண்டு. உத்தரத்தில் கொக்கித் தராசு தொங்கும், அதில் ஒரு துணிப்பை, பைக்குள் பிள்ளை. எவ்வளவு எடை என்று பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார்கள். போன மாதத்துப் புள்ளியையும் இந்த மாதத்துப் புள்ளியையும் கோடு போட்டு இணைப்பார்கள். கோடு ஏறினால் பிள்ளை தேறுகிறது. நன்றாக ஏறுகிற பிள்ளையின் அட்டையை எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டிவைப்பது முனவர் பேகம் தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. மற்ற தாய்மார்களுக்கு ரோஷம் வரட்டும் என்று.

அப்படிச் சுவரில் மாதாமாதம் இடம் பிடித்தது செல்லியின் பையன் அட்டை. சென்னகிருஷ்ணன் என்று பெரிய பேர், கூப்பிடுவது சென்னு. செல்லி ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கினாள். புருஷன் திம்மப்பன் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி பட்டறையில் எடுபிடி. மூத்த பிள்ளை ஒரு வயதுக்குள் போய்விட்டது. பிறகு பிறந்தவன் இவன். பையனை மையத்தில் இறக்கிவிட்டுத்தான் செல்லி கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். “செல்லியைப் பாருங்கோ, அவ புள்ளையைப் பாருங்கோ! நீங்களும் இருக்கீங்களே!” என்று முனவர் பேகம் மற்றவர்களைக் கிண்டல் செய்வார். செல்லி சிரிக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை முந்தானையால் மூடிக்கொள்வாள். வெட்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எண்பத்தாறில் மதராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் வந்து, மையத்திலிருந்த எடைக் கணக்கை எழுதிக்கொண்டது. தாங்களும் ஒரு தடவை அதே தராசில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தார்கள். மறு வருஷம் திட்ட அதிகாரி சௌந்தரராஜன் அந்த அறிக்கையின் நகலையும் ஓர் உத்தரவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் இங்கிலீஷ். முனவர் பேகம் நேராக என் பயிலகத்துக்கு வந்தார்.

நான் முதல் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். கல்லுக்குட்டைக் குழந்தைகளின் நிலை திருப்திகரம். வட்டாரத்திலேயே இதுதான் முதல்.

“அண்ணா, நம்ம காலனி பாஸு!” என்று அந்த அம்மாள் கையைத் தட்டினார். டைப் பழக வந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த பக்கத்தில் வாழைப்பழத்து ஊசி இருந்தது. நிலை திருப்திகரமாக இருப்பதால் இங்கே மையம் இனி அவசியமில்லை, அடுத்த மாதத்தோடு மூடி வேறு ஊருக்கு மாற்றலாம். உத்தரவும் அதையேதான் சொன்னது. முனவர் பேகம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“மூடிட்டா செல்லி எங்க விட்டுட்டுப் போவா புள்ளைய?” என்றார். தன் வேலை போவதைப் பற்றி அவர் பேசவில்லை. பிறகு, “இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்கோண்ணா. எல்லாரையும் கூட்டி வாசிக்கப் போறேன்” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. “வாசிச்சி என்னத்த ஆவப் போவுது? தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் ஜாண் என்ன, முழம் என்ன?”

“ஆவுதோ ஆவலையோ, யாரைப் பத்தி எழுதினாங்களோ அவங்க காதுல விழ வேணாமா? பொண்ணுக்குத் தெரியாம கல்யாணம் நிச்சயம் பண்ணுவாங்களா? எழுதுங்கோ சொல்றேன்.”

எழுதினேன். எழுதியது ஒன்றையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘முதல் தரக் குறைபாடு, இரண்டாம் தரக் குறைபாடு’ என்று போட்டிருந்தேன். “புளிக்குத்தான் தரம் உண்டு, புள்ளைக்கு ஏதுண்ணா தரம்? தேறின புள்ள, கொஞ்சம் வத்தல், ரொம்ப வத்தல். அவ்ளோதான்” என்று அடிக்கச் சொன்னார். ‘சதவீதம்’ என்ற சொல்லையும் அடித்துவிட்டார். நூற்றுக்கு இத்தனை என்றால் நம் காலனியில் நூறு பிள்ளை ஏது, பத்துக்கு இத்தனை என்று போடுங்கள் என்றார். எனக்கு ரோஷம்தான். ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அந்த அறிக்கை எனக்கே அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேங்க் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஏதோ பட்டா கொடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதால் ஆண்களும் வந்திருந்தார்கள். முனவர் பேகம் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

“நம்ம காலனியில பத்துப் புள்ளைய நிறுத்தினா, எட்டுப் புள்ள தேறின புள்ளன்னு எழுதியிருக்காங்கோ” என்று வாசித்துவிட்டு, அதையே தெலுங்கிலும் சொன்னார்.

பெண்கள் இடுப்பிலிருந்த தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவளின் பிள்ளையைப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ராமப்பன், ஏற்கனவே வாய்த்துடுக்கு, உரக்கக் கேட்டார்: “எந்த எட்டு டீச்சர்? கொஞ்சம் காட்டுங்கோ, நாங்களும் பார்த்துக்கறோம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்டூல் மேல் நின்ற முனவர் பேகமும் கூட்டத்தைப் பார்த்தார். ஊதினால் பறக்கிற மாதிரி பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளுக்கு அவர்தானே தினமும் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்? அவருக்கும் அந்த எட்டு கண்ணில் படவில்லை. “இதுல தப்பில்ல. தராசு கண்ட எடைதானே எழுதியிருக்காங்கோ?” என்று தடுமாறினார்.

அப்போது மாரம்மா வாயை விட்டாள். தெலுங்குக்காரி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். “அய்யோ தேவுடா! இரும்பையும் சேர்த்து நிறுத்தா எட்டு என்னா, பத்துமே தேறும்!”

பக்கத்திலிருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் பேச்சு வெளியே வந்துவிட்டது.

விஷயம் இதுதான். தராசில் ஏற்றின பிள்ளை தேறாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். கடைச் சாமான் மாதிரி கொக்கியில் மாட்டி, இத்தனை கிலோ என்று நாலு பேர் காதுபட உரக்கச் சொன்னால் கண் படாமல் என்ன செய்யும்? அதற்காக எடை பார்க்கிற நாளில் மட்டும் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில், சட்டைக்கு உள்ளே, மஞ்சள் துணியில் இரும்பைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது. மற்ற ஊர் என்றால் ஒரு ஆணியோ சாவியோ கட்டுவார்கள். எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு பட்டறைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஆயிற்றே! கழித்துப் போட்ட நட்டும் போல்ட்டும் கைக்கொன்றாய்க் கிடைக்கும். ஒருத்தி சின்ன நட்டு கட்டினால் அடுத்தவள் அதைவிடப் பெரிதாய்க் கட்டுவாள்.

முனவர் பேகம் அந்த மஞ்சள் துணி முடிச்சைப் பார்க்காமல் இல்லை. எத்தனையோ மாதம் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. சாமி சமாசாரம், மந்திரித்துக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய தாயத்து உண்டு. அடுத்தவர் நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். அவிழ்க்கச் சொன்னால், துலுக்க வீட்டம்மா நம்ம சாமியைத் தொடுறாங்க என்று ஒரு பேச்சு வந்துவிடும். தாய்மார்களோ, டீச்சருக்குத் தெரியாததா, தெரிந்துதான் சும்மா இருக்கிறார், இரும்பைக் கழித்துத்தான் புள்ளி வைப்பார் என்று நினைத்தார்கள். இவர் மரியாதைக்குக் கேட்கவில்லை, அவர்கள் மரியாதைக்குச் சொல்லவில்லை. மதராஸ் பிள்ளைகள் இதைக் கேட்கவே தெரியாதவர்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மதராஸ்காரன் ஓசூர் நட்டையும் போல்ட்டையும் நிறுத்துப் பார்த்துத் திருப்திகரம் என்று எழுதியிருக்கிறானே! அறிக்கையில் வரைபடம் வேறு! முனவர் பேகம் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, “நாளைக்கே ஆபீசருகிட்டப் போவணும்ணா, நீங்களும் வாங்கோ” என்றார்.

சௌந்தரராஜன் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் மூடிய கோப்பைத் திறக்கப் பிடிக்காதவர். கதையைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “ஏம்மா, அப்போ இத்தனை வருஷமா நீங்க அனுப்பின எடை எல்லாம் பொய்யா?”

“பொய் இல்ல சார், தப்பு. என் தப்பு. எழுதிக் குடுக்கறேன். என்னை வேலைய விட்டு எடுத்தாலும் எடுங்கோ. மூடறதுக்கு முன்ன ஒரே ஒரு தரம் உங்க கண்ணால நிறுத்துப் பார்த்துடுங்கோ.”

அவர் பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி, கடைசியில் வெள்ளிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்.

அதிகாரியைச் சம்மதிக்க வைத்தது சுலபம், தாய்மார்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. இரும்பை அவிழ்க்க ஒருத்தியும் தயாரில்லை. மையம் மூடினால் மூடட்டும், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். எல்லோரையும்விடப் பிடிவாதம் செல்லிதான். “மூத்ததைப் பறிகுடுத்தவ நானு. உங்களுக்குச் சொன்னாப் புரியாது டீச்சர்” என்று அழுதாள். முனவர் பேகம் எதிர்த்து வாதாடவில்லை. மூடநம்பிக்கை, அது இது என்று பிரசங்கமும் செய்யவில்லை.

“இரும்பு வேணாம்னு யாரு சொன்னா?” என்றார். “உங்க கையில இருக்கட்டும். புள்ள தராசுல இருக்கட்டும். பக்கத்துலயே ஒட்டி நில்லுங்கோ. எடை எவ்ளோன்னு நான் வாயால சொல்ல மாட்டேன், ஆபீசருக்கு எழுதிக் காட்டறேன். யாரு காதுலயும் விழாது.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரம்மாதான் முதலில் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணைச் சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொருத்தியாக வந்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் பிள்ளையைப் பையில் இறக்கினாள். முனவர் பேகம் எழுதிக் காட்டினார். நாலைந்து பிள்ளைகளுக்குள்ளேயே சௌந்தரராஜனின் முகம் மாறிவிட்டது. பழைய அட்டையையும் புதிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். தேறின பிள்ளைகள் எல்லாம் வத்தலாகிக்கொண்டே வந்தார்கள். “போதும்மா, புரிஞ்சிடுச்சி. உத்தரவை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுதறேன்” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மையம் தப்பித்துவிட்டது.

“இன்னும் செல்லி இருக்கா சார்” என்றார் முனவர் பேகம். “அவ புள்ளையாச்சும் தேறினதுல இருக்கட்டும். சுவத்துல இருக்கற அட்டை அவனுதுதான்.”

செல்லி சட்டையைத் தூக்கி முடிச்சை அவிழ்த்தாள். அவள் கைக்குள் அடங்கவில்லை. லாரிச் சக்கரத்து நட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மாதாமாதம் டீச்சர் நாலு பேர் நடுவில் பிள்ளையைப் புகழ்ந்தாரா, அட்டையைச் சுவரில் ஒட்டினாரா, அவளுக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. ஊர்க்கண் மொத்தமும் என் பிள்ளைமேல்தானே என்று, மாதாமாதம் திம்மப்பனிடம் இன்னும் பெரிய நட்டாகக் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறாள். எடை ஏறியது. ஏற ஏற இவர் புகழ்ந்தார். புகழப் புகழ அவள் கட்டினாள்.

சென்னுவைப் பையில் இறக்கினார்கள். முனவர் பேகம் எடையைப் பார்த்தார். எழுதவில்லை. பிள்ளையை வெளியே எடுத்து, தராசைத் தட்டிவிட்டு, மறுபடியும் இறக்கிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் முதல் புள்ளி வைத்த இடத்துக்கும் கீழே இருந்தது.

செல்லிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். “என்னா டீச்சர்? ஏறலையா? போன மாசம்கூட ஏறிச்சின்னு சொன்னீங்களே” என்றாள். சௌந்தரராஜன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள். பிள்ளைகளுக்கு வருகிற டி.பி. நெஞ்சில் இருந்துகொண்டு, சாப்பிட்டதை எல்லாம் உடம்பில் ஒட்டவிடாமல் செய்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை, இனிமேல் விடாமல் மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டரம்மா.

வார்டு வராந்தாவில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். முனவர் பேகம் டீயைத் தொடவில்லை. எப்போதும் பத்துப் பேருக்குக் கேட்கிற குரல், அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“தினம் என் கையாலதான் சோறு ஊட்டினேன் செல்லி. அட்டையைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், சுவத்துல ஒட்டி ஊருக்கெல்லாம் காட்டினேன். உன் புள்ளைய நான் பார்க்கவே இல்லடி. என்னை மன்னிச்சிடு.”

செல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு டீச்சர்மேல் கோபம் வந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

“நீங்க கோட்டைப் பார்த்தீங்கோ டீச்சர்” என்றாள். “நான் பெத்தவ. ராத்திரியெல்லாம் இவன நெஞ்சு மேல போட்டுக்கினுதான் தூங்கறேன். லேசாத்தான் இருந்தான். நீங்க ஏறிச்சின்னு சொன்னீங்கோ, சரி, எனக்குத்தான் தெரியலன்னு இருந்துட்டேன்.”